ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாமா?

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்த பெண் தென் கலிபோர்னியாவில் ஒரு யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடம் உயிரியல், குறி மெடிக்கல் ஸ்கூல். முதல் வருட ஜெனரல் கெமிஸ்ட்ரியில் ஒரு குவார்ட்டரில் (கல்வியாண்டின் மூன்று பருவங்களில் ஒன்று) சி பிளஸ் வந்துவிட்டது. இந்தக் கோடையில் வீட்டுக்கு வந்து, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) முடித்துவிடலாமா என்று கேட்கிறாள். சொந்தக்காரர் ஒருவரோ, "அங்கே படித்தால் மெடிக்கல் ஸ்கூலில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டாராம். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு. அவனுக்கும் டாக்டர் ஆசை. முதல் இரண்டு வருடத்தை கம்யூனிட்டி காலேஜிலேயே படித்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நாங்கள் இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் இருக்கிறோம்." இரண்டு கேள்வியையும் விடக் கனமானது அந்த வரிதான். அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

நான் பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், ஆர்கானிக் லேபும் எடுக்கிறேன். ஆகவே எங்கள் கட்சிக்குக் கொஞ்சம் பரிந்து பேசுவேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் சொந்தக்காரர் சொன்ன விஷயம். அது உண்மையில்லை. 2014-ல் 'அகடமிக் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு கட்டத்தில் கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள் என்று காட்டியது. ஹைஸ்கூலில் இருக்கும்போதே எடுத்தவர்கள், டிகிரிக்கு நடுவே ஒரு கோடையில் எடுத்தவர்கள், அங்கேயே தொடங்கி மாறிப்போனவர்கள் எல்லோரும் அதில் உண்டு. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் இந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்கின்றன. சில, அறிவியல் பாடங்களை நான்கு வருடக் கல்லூரியில் படிப்பதையே விரும்புவோம் என்று எழுதியே வைத்திருக்கின்றன. எந்தப் பள்ளி என்ன சொல்கிறது என்பதற்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்சார் என்ற தரவுத்தளம் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் பாடம் செல்லுமா, ஆன்லைன் லேப் செல்லுமா என்றெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும். கல்யாண வீட்டில் கேட்டதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ஆனால் சொந்தக்காரர் காதில் எங்கேயோ ஒரு உண்மை பாதியாக விழுந்திருக்கிறது. தேர்வுக் குழு கல்லூரியின் பெயரைப் பார்த்து ஒதுக்குவதில்லை. எந்தப் பாடத்தை, எப்போது, எதற்காக அங்கே எடுத்தாய் என்று பார்க்கும். உங்கள் பெண்ணின் ட்ரான்ஸ்கிரிப்ட்டை (கிரேடு பட்டியலை) அவர்கள் கண்ணால் படித்துப் பாருங்கள். யூசியில் கெமிஸ்ட்ரி சி பிளஸ். அடுத்த கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக், ஏ. படிப்பவருக்கு உடனே தோன்றுவது, "கஷ்டமான இடத்தை விட்டு நழுவினாளோ?" என்பதுதான். அதே பெண் திரும்பிப் போய் யூசியிலேயே பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கி, மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் வேதியியல்-இயற்பியல் பகுதியில் 128, 129 என்று எடுத்திருந்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். (ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை, நான்கும் சேர்த்து 472 முதல் 528 வரை என்பது எம்கேட் கணக்கு.) கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய ஏ-வுக்கு ஜாமீன் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அதைக் கொண்டுவர முடியும் என்றால் தாராளமாகப் படிக்கலாம்.

இப்போது கணக்கு வழக்கு. பல வீடுகளில் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். யூசியில் படிக்கும் மாணவி கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்தால் யூசி அந்த யூனிட்டை (பாடத்தின் எடை அளவை) மட்டும் சேர்த்துக்கொள்ளும், கிரேடு யூசி ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரியில்) சேராது. "அப்போ கிரேடு முக்கியமில்லை, பாஸானால் போதும்" என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போவது ஆம்காஸ் என்ற பொது அமைப்பு வழியாக. அது ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் தனித்தனியாக ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கி, எல்லாக் கிரேடையும் ஒன்றாகப் போட்டுப் புதிதாக ஒரு ஜிபிஏ கணக்கிடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு அறிவியல் ஜிபிஏவும் போடும். ஹைஸ்கூலில் இருக்கும்போது டூயல் என்ரோல்மென்ட்டில் (பள்ளியோடு சேர்த்துக் கல்லூரிப் பாடம் படிப்பது) எடுத்த பாடம்கூட இதில் வரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த சைக்காலஜியில் பி வந்திருந்தால் அந்த பி டாக்டர் விண்ணப்பம் வரைக்கும் கூடவே வரும். உங்கள் இளையவன் இப்போது அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

திரும்ப எழுதினால் பழைய கிரேடு போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆம்காஸில் இரண்டு முயற்சியும் சேரும். டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவம்) பள்ளிகளுக்கான விண்ணப்ப அமைப்பான ஆகோமாஸில் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். எப்படியும் சி பிளஸ் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்க யூசியோ கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜோ பொதுவாக விடாது. டி, எஃப் வாங்கியவர்களுக்குத்தான் அந்த வழி.

அப்புறம் எடை. ஆம்காஸ் எல்லாவற்றையும் செமஸ்டர் அளவுக்கு மாற்றும். பெர்க்கிலி, மெர்செட் தவிர மற்ற யூசி வளாகங்கள் குவார்ட்டர் முறையில் ஓடுகின்றன. அங்கே 4 யூனிட் பாடம் என்றால் ஆம்காஸ் கணக்கில் சுமார் 2.7 செமஸ்டர் யூனிட்தான். உங்கள் பக்கத்தில் இருக்கும் ஓலோனி, சாபோ, லாஸ் பொசிடாஸ், மிஷன் எல்லாம் செமஸ்டர் முறை. (டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை.) செமஸ்டர் காலேஜில் லேபோடு சேர்ந்த ஆர்கானிக் பெரும்பாலும் 5 யூனிட், முழுதாக 5 ஆகவே எண்ணப்படும். யூசியில் 4 யூனிட் சி பிளஸ்ஸும் இங்கே 5 யூனிட் ஏ-வும் சேர்ந்தால் சராசரி 3.4. அதே இரண்டு கிரேடும் இடம் மாறி, யூசியில் ஏ, இங்கே சி பிளஸ் என்று வந்தால் 2.9. சும்மா ஒரு கோடை வகுப்பு என்று நினைப்பது கிட்டத்தட்ட இரண்டு குவார்ட்டர் பாடத்தின் கனத்தோடு உட்கார்ந்துவிடும். 2024-25-ல் எம்டி (இங்கே இதுதான் முதல் மருத்துவ டிகிரி) பள்ளிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,000 பேர், சேர்ந்தவர்கள் சுமார் 23,000. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும் எம்கேட் 512-ஐ ஒட்டியும் இருந்தது. இந்தக் கூட்டத்தில் 5 யூனிட் சறுக்கல் சின்ன விஷயமில்லை.

சரி, ஆர்கானிக்கையே எடுத்துக்கொள்வோம். குவார்ட்டர் வளாகத்தில் அது மூன்று பாகம், செமஸ்டர் காலேஜில் இரண்டு பாகம். இரண்டும் நடுவில் பொருந்தாது. கோடையில் இங்கே முதல் செமஸ்டரை முடித்துவிட்டுப் போனால், அங்கே முதல் பாகம் முழுசும் இரண்டாம் பாகத்தில் கொஞ்சமும் முடிந்திருக்கும். யூசியோ, இரண்டு செமஸ்டரையும் முடித்தால்தான் மூன்று பாகத்துக்கும் ஈடு என்று சொல்லலாம். அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளத்தில் உங்கள் பெண்ணின் வளாகத்தையும் இங்கிருக்கும் காலேஜையும் போட்டுப் பார்த்தால், எது எதற்கு ஈடு, தனியாகவா தொகுப்பாகவா என்று தெரிந்துவிடும். சில வளாகங்களில் ஆர்கானிக் மேல்நிலைப் பாடம், எண் 100-க்கு மேல் இருக்கும். கம்யூனிட்டி காலேஜில் படித்ததைக் கீழ்நிலைப் பாடமாகத்தான் சேர்ப்பார்கள், டிகிரிக்கு வேண்டிய மேல்நிலை யூனிட்டில் குறையும். இதையெல்லாம் வகுப்பில் சேருவதற்கு முன்னால் அவள் துறை ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்வார்த்தை போதாது.

கோடை ஆர்கானிக் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பதினாறு, பதினேழு வாரம் ஓடுகிற செமஸ்டரை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மடித்து வைத்திருப்பார்கள். காலையில் வகுப்பு, சாப்பாட்டு நேரம் தாண்டி லேப், வாரத்தில் நான்கு நாள் இப்படி. திங்கட்கிழமை எஸ்என்2 வினை, புதன்கிழமை நீக்கல் வினை, வியாழக்கிழமை இரண்டும் போட்டிபோடும்போது எது ஜெயிக்கும் என்று டெஸ்ட். கார்பன் அணுவைப் பின்பக்கத்திலிருந்து தாக்கும்போது அதன் அமைப்பு குடைபோலப் புரட்டிக்கொள்வது கண்ணுக்குள் தெரிய ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம் கோடையில் கிடையாது. ஜெனரல் கெமிஸ்ட்ரியில் தடுமாறிய பிள்ளைக்கு இதைவிட மோசமான வேகம் வேறில்லை. முதல் நாள் வகுப்பில் பின்சுவரோரம் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள், யாராவது வராமல் போனால் ஆட் கோட் (வகுப்பில் சேர அனுமதி எண்) கிடைக்குமா என்று பார்ப்பார்கள். இரண்டாவது டெஸ்ட் முடிந்ததும் லேபில் காலி மேசை தெரியும். விலகினால் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் டபிள்யூ விழும். ஜிபிஏவைத் தொடாது, ஆனால் கண்ணில் படும்.

ஆகவே என் தீர்ப்பு: ஆர்கானிக்கை அவள் யூசியிலேயே, கல்வியாண்டு நடக்கும்போதே, மூன்று குவார்ட்டரும் ஒரே இடத்தில் படிக்கட்டும். இந்தக் கோடையில் இங்கே வந்து புள்ளியியல் எடுக்கலாம். பல பள்ளிகள் அதைக் கேட்கின்றன, ஆம்காஸில் அறிவியல் ஜிபிஏவிலும் சேரும். சைக்காலஜியோ சோஷியாலஜியோ எடுத்தால் எம்கேட்டின் நான்காவது பகுதிக்கு உதவும், அறிவியல் ஜிபிஏவில் மட்டும் சேராது. கட்டணம் கலிபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 4 யூனிட் புள்ளியியலுக்கு 184 டாலரும் சில்லறைக் கட்டணங்களும்தான். மீதி நேரத்தில் அந்த சி பிளஸ் எங்கே விழுந்தது என்று ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் திறந்து பார்க்கட்டும். அமில-காரச் சமநிலை நழுவியிருந்தால் ஆர்கானிக்கில் பாதி வினைகள் நழுவும். இதில் விட்டுக்கொடுக்காமல் சொல்வது ஒன்றுதான்: பயோகெமிஸ்ட்ரியை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே தேடக் கூடாது. கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலும் அந்தப் பாடமே இருக்காது, அந்தக் கிரேடை யூசியில் வாங்குவதே அவளுக்கு நல்லது.

இளையவன் விஷயத்தில் நான் இன்னும் தாராளமாக இருப்பேன். கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் படித்து யூசிக்கு மாறுவது தேய்ந்த பாதை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும் டேக் என்ற உத்தரவாதத் திட்டம் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட ஜிபிஏவும் பாடங்களும் முடித்தால் இடம் உறுதி, பாடப்பிரிவுக்குத் தகுந்தபடி நிபந்தனை மாறும். பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ இதில் சேரவில்லை. அவன் ஜெனரல் கெமிஸ்ட்ரி, இயற்பியல், கால்குலஸ், முடிந்தால் ஆர்கானிக் இரண்டு செமஸ்டரையும் ஒரே காலேஜில் முடித்துவிட்டுப் போவது முறையான தொடர்ச்சி. இதை நழுவல் என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

அவனுக்கு வரும் சிக்கல் மூன்றாம் ஆண்டில் வரும். புது ஊர், புது வளாகம், எடுத்த எடுப்பிலேயே மேல்நிலை உயிரியல். மற்றவர்கள் முதல் வருடத்திலேயே ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் பிடித்திருப்பார்கள், பேராசிரியர்களிடம் பழகியிருப்பார்கள். இவன் அங்கே ஒரு வருடம்கூட முடிக்காத நிலையில் எம்கேட் எழுதி, ஜூன் மாதம் விண்ணப்பம் போட வேண்டும் என்றால் மூச்சுமுட்டும். டிகிரி முடித்த பிறகு விண்ணப்பித்து ஒரு வருடம் இடைவெளி விடுவது என்று இப்போதே திட்டம் போட்டுவிடுங்கள். நம்மூர்க் கண்ணுக்கு வருடம் வீணாவதாகத் தோன்றும். இங்கே மெடிக்கல் ஸ்கூலில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் குறைந்தது ஒரு வருடம் விட்டுத்தான் வருகிறார்கள்.

கம்யூனிட்டி காலேஜால் அவனுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் பரிந்துரைக் கடிதம். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பேராசிரியருக்கு முகம் தெரியாது. என் லேபில் இருபத்துச் சொச்சம் பேர், யார் கண்ணாடிக் குடுவையை எப்படிக் கழுவுகிறார்கள் என்பதுவரை தெரியும். ஒருமுறை காய்ச்சி வடித்தல் நடக்கும்போது ஒரு மாணவியின் இணைப்பில் ஆவி கசிந்தது. பக்கத்து மேசைக்காரர் டேப் ஒட்டச் சொன்னார். அந்த மாணவியோ சூடேற்றியை அணைத்து, ஆறவிட்டு, இணைப்பைக் கழற்றி மறுபடி பூட்டினார். விளைபொருள் குறைந்துபோனது, குறைந்த அளவையே நோட்டில் எழுதினார். அவர் கடிதம் கேட்டபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான எம்டி பள்ளிகள் அறிவியல் ஆசிரியர்களிடமிருந்து இரண்டு கடிதம் எதிர்பார்க்கும். ஒன்று கம்யூனிட்டி காலேஜிலிருந்தும் ஒன்று யூசியிலிருந்தும் வந்தால் நன்றாக இருக்கும். காலேஜை விட்டுப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மூன்று வருடம் கழித்து வந்தால் எனக்கும் மறந்துபோகும்.

நடுவில் ஒரு விஷயம். இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் பிஎஸ்சியோ பிஇயோ முடித்துவிட்டு இங்கே வந்தவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். என் மாலை வகுப்பில் அப்படிச் சிலர் எப்போதும் இருப்பார்கள். வெளிநாட்டுக் கிரேடுகளை ஆம்காஸ் சரிபார்த்து ஜிபிஏ போடுவதில்லை. பல பள்ளிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் 90 செமஸ்டர் யூனிட் அளவுக்காவது இங்கே படித்திருக்க வேண்டும் என்கின்றன. கம்யூனிட்டி காலேஜ் அவர்களுக்கு நல்ல தொடக்கம், ஆனால் அங்கேயே முடித்துவிட முடியாது.

இனி அந்தக் கடைசி வரி. நீங்கள் ஹெச்-1பி வேலை விசாவில், பிள்ளைகள் அதைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெச்-4 பிள்ளைக்கு 21 வயது வரைதான். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும். குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டமான சிஎஸ்பிஏவில் வயதைக் கொஞ்சம் கழித்துக் கணக்கிட வழி உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். எஃப்-1 ஆனதும் கல்லூரியில் உள்ளூர்வாசிக் கட்டணம் தொடருமா என்பதும் மறுபடி கேள்வியாகும். 46 டாலர் என்ற கணக்கு அதோடு ஆட்டம் காணும்.

இதைவிடப் பெரியது மெடிக்கல் ஸ்கூல் சேர்க்கை. பல பள்ளிகள், குறிப்பாக அரசுப் பள்ளிகள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. எடுக்கும் பள்ளிகளில் சில, நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே வங்கியில் ஒதுக்கிக் காட்டச் சொல்கின்றன. மத்திய அரசின் கல்விக் கடன் இவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வந்துவிட்டாலும் கடன் முன்போல இல்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கடன் திட்டம் இல்லை. மருத்துவம் போன்ற படிப்புக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்பதுதான் மத்தியக் கடனின் உச்சம். பல தனியார் பள்ளிகளில் ஒரு வருடக் கட்டணமே அந்த 50,000-ஐத் தாண்டும். இளையவனை கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்புவதற்கு நான் சொல்லும் மிக வலுவான காரணம் இதுதான். அந்த இரண்டு வருடத்தில் மிச்சமாகும் பணம் பின்னால் தேவைப்படும்.

எம்சாரில் பார்க்கும்போது பெண்ணுக்காகத் தேட வேண்டிய முதல் தகவலும் கம்யூனிட்டி காலேஜ் பற்றியது இல்லை, விசா பற்றியது. எந்தப் பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்குள் கம்யூனிட்டி காலேஜ் கொள்கையைப் பாருங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும். அவளுக்கு 21 ஆக எத்தனை மாதம் இருக்கிறது என்பதை வைத்து வக்கீலிடம் இந்தக் கோடையிலேயே ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

கம்யூனிட்டி காலேஜில் ஒரே செமஸ்டரில் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சி முடித்து ஆம்புலன்ஸில் வேலைக்குப் போவது மற்ற பிள்ளைகள் நோயாளி அனுபவம் சேர்க்கும் வழி. ஹெச்-4 பிள்ளை அந்தப் பயிற்சியை எடுக்கலாம், சம்பள வேலைக்குப் போக முடியாது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லி அதே வேலையைச் செய்வதும் சிக்கல். எல்லோருக்கும் தன்னார்வப் பணியாகவே வைத்திருக்கும் மருத்துவமனை, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு), இலவச கிளினிக் இடங்களுக்குப் போகட்டும். கோடைக்கான இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும், புள்ளியியல் வகுப்புக்குப் பதியும் வாரத்திலேயே இதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.